சொல் ஓரிடம், முகப்பு பலவிடம்: முகப்பற்ற உள்ளடக்க மேலாண்மையும் தமிழும்



இலக்கணமும் இலக்கியமும் மொழிபெயர்ப்பும் பேசப்படும் மேடையில், இணையத்தளம் கட்டும் முறை ஒன்றைப் பேச முன்வந்துள்ளோம். இது பொறியாளர் பேச வேண்டிய பொருள் அன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். தமிழ்த்தளம் ஒன்றைக் கட்டும்போது எடுக்கப்படும் முடிவுகளுள் பல உண்மையில் இலக்கண முடிவுகள். சொல்லை எவ்வாறு பகுப்பது, எந்த வரிசையில் அடுக்குவது, வேற்றுமை உருபை எங்கே ஒட்டுவது, எந்த மொழியை முதல்மொழியாகக் கொள்வது ஆகிய அனைத்தும் அங்கே தீர்மானிக்கப்படுகின்றன. மொழியறிந்தோர் அவற்றை எடுக்காவிடின், மென்பொருளோடு வரும் இயல்புநிலை அமைப்புகளே எடுத்துவிடும். அந்த அமைப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. ஆகவேதான் இப்பொருளைத் தெரிந்தெடுத்தோம்.

1. பெயரும் பொருளும்

ஆங்கிலத்தில் 'ஹெட்லெஸ் சிஎம்எஸ்' என வழங்குவதைத் 'தலையற்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்பு' என்று நேராகப் பெயர்ப்போர் உளர். தமிழில் தலை என்னும் சொல் உறுப்பை மட்டும் சுட்டுவதன்று. தலைமகன், தலைநகர், தலைவாயில் என முதன்மைப் பொருளையும் அது தரும். தலையற்றது என்றவுடன் வழிநடத்துவார் இல்லாதது என்னும் பொருளே முந்தித் தோன்றுகிறது. இங்கே இல்லாதது தலைமை அன்று. பயனர் கண்ணுக்குத் தெரியும் முகப்பே இல்லை. எனவே 'முகப்பற்ற உள்ளடக்க மேலாண்மை அமைப்பு' என்னும் பெயரை முன்மொழிகிறோம். இவ்வுரையில் சுருக்கமாக 'முகப்பற்ற அமைப்பு' என்போம். வலைச்செயலிகளைக் கட்ட உதவும் 'ஃபிரேம்வொர்க்' என்பதைச் 'சட்டகம்' எனக் குறிப்போம்.

பழைய முறையை முதலில் நினைவுகூர்வோம். 2003இல் தோன்றிய வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருள்களில் எழுதுமிடம், சேமிக்கும் தரவுத்தளம், பக்கத்தின் தோற்றத்தை வரையும் வார்ப்புரு மூன்றும் ஒரே கட்டடத்துக்குள் இருக்கும். எழுதியது ஒரு வலைப்பக்கமாக வெளிவரும். அதுவே அதன் ஒரே வடிவம். முகப்பற்ற அமைப்பு அக்கட்டடத்தைப் பிரிக்கிறது. எழுதுவதும் சேமிப்பதும் அதன் பணி. தோற்றத்தைப் பற்றி அது கவலை கொள்வதில்லை. கேட்போர்க்கு, கேட்ட உள்ளடக்கத்தை ஜேசன் என்னும் பொதுவடிவில் ஓர் இடைமுகத்தின் வழியே கொடுத்துவிடும். கான்டென்ட்ஃபுல், ஸ்ட்ராபி, சானிட்டி, டைரக்டஸ் ஆகியவை இவ்வகையின. வேர்ட்பிரஸும் 2016 டிசம்பரில் வெளியான 4.7ஆம் பதிப்பு முதல் தன் உள்ளடக்கத்தை இவ்வாறு வழங்கும் இடைமுகத்தை உள்ளடக்கியுள்ளது.

அவ்வாறு வரும் உள்ளடக்கத்தைப் பெற்று, பக்கமாக அமைத்துப் பயனர்முன் நிறுத்துவது சட்டகத்தின் வேலை. 2005இல் வெளிவந்த ஜாங்கோ, 2011இல் வெளிவந்த லாராவெல், 2016இல் வெளிவந்த நெக்ஸ்ட்.ஜேஎஸ் ஆகியன பரவலாக அறியப்பட்டவை. ஒரே முகப்பற்ற அமைப்பிலிருந்து வலைத்தளமும் கைப்பேசிச் செயலியும் வகுப்பறைத் திரையும் உள்ளடக்கம் பெறலாம். சொல் ஓரிடத்தில் இருக்கும். அதற்கு முகப்புகள் பல.

2. தமிழ் முன்பே கண்ட பிரிவினை

பொருளையும் அதன் தோற்றத்தையும் பிரிப்பது தமிழுக்குப் புதிதன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்யுளில் அமைந்தவை. மனப்பாடம் செய்வதற்குச் செய்யுள் வடிவம் துணைநின்றது. ஆனால் சொல் அந்தச் செய்யுளுக்குள் கட்டுண்டு கிடந்தது. செய்யுளை அறியாதவர் சொல்லைத் தேடிப் பெறுவது அரிது. வீரமாமுனிவர் 1732இல் இயற்றிய சதுரகராதி சொற்களைச் செய்யுளிலிருந்து விடுவித்து, பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பிரிவுகளாக அமைத்தது. தேடுவோரின் தேவைக்கேற்ப வாயில்கள் வெவ்வேறாயின. நாம் இன்று பேசும் கொள்கையின் வேர் அங்கே இருக்கிறது.

இரண்டாவது சான்று நம் தலைமுறை கண்டது. 1978இல் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட 13 எழுத்துகளின் வரிவடிவம் மாறியது. பின்னர் சிங்கப்பூரும் மலேசியாவும் அவ்வடிவங்களை ஏற்றன. பழைய நூலை அச்சிட்டவர்கள் மீண்டும் அச்சுக்கோக்க வேண்டியிருந்தது. இன்று ஒருங்குறியில் 'லை' என்பதற்கு லகரத்தின் குறியும் ஐகாரத்தின் குறியும் சேமிக்கப்படுகின்றன. அதைப் பழைய துதிக்கை வடிவில் காட்டுவதா, புதிய வடிவில் காட்டுவதா என்பதை எழுத்துரு தீர்மானிக்கிறது. சேமித்த உரையில் ஒரு குறியும் மாறுவதில்லை.

பிரிக்காமல் விட்டால் நேர்வது என்ன என்பதற்கும் சான்று உண்டு. 1990களில் தமிழ் இணையம் தளிர்த்தபோது ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவைக் கொண்டிருந்தது. எழுத்துகள் வடிவத் துண்டுகளாகச் சேமிக்கப்பட்டன. அந்த எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ் தெரியும். இல்லையேல் பொருளற்ற உரோமக் குறிகளின் குவியல் தெரியும். இச்சிக்கலைத் தீர்க்கத்தான் 1997இல் சிங்கப்பூரில் தமிழ் இணையக் கருத்தரங்கு கூடியது. நம் நா. கோவிந்தசாமி அதில் முன்னின்றார். 1999இல் சென்னை மாநாடு டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தந்தது. 2000இல் மீண்டும் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டையொட்டி உத்தமம் அமைப்பு உருவாயிற்று. இதற்கிடையே 1991இன் ஒருங்குறி முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அது பரவலாகச் சில ஆண்டுகள் பிடித்தன.

அக்காலத்துக் கோப்புகள் பல இன்றும் பழைய வட்டுகளில் உறங்குகின்றன. மாற்றி எழுதும் கருவிகள் உள்ளன என்றாலும், எந்தக் குறியாக்கம் என்பதே அறியப்படாத கோப்புகளை மீட்பது கடினம். தோற்றத்தோடு கட்டப்பட்ட சொல் அத்தோற்றம் வழக்கொழியும்போது தானும் வழக்கொழிகிறது. இப்பொழுது கட்டப்படும் தளங்களில் அதே கட்டு வேறு வடிவில் மீண்டும் போடப்படக் கூடாது.

3. இணைப்பு இயங்கும் முறை

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மொழிக் கழகம் ஒன்று சிங்கப்பூர், மலேசியத் தமிழ்வழக்குச் சொற்களின் களஞ்சியத்தை வெளியிட விரும்புகிறது. முதற்பணி உள்ளடக்க வடிவத்தை வரைதல். தலைச்சொல், இலக்கண வகை, பொருள், வழங்குமிடம், சொற்பிறப்பு, எடுத்துக்காட்டுத் தொடர், ஒலிப்பதிவு எனப் புலங்கள் வரையறுக்கப்படும். 'பசியாறு' என்பதன் பொருள் காலையுணவு உண்ணுதல் என்பது ஒரு புலத்தில் இருக்கும். வழங்குமிடம் சிங்கப்பூர், மலேசியா என்பது மற்றொரு புலத்தில் இருக்கும். இவற்றை ஒரே பத்தியாகத் தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் கலந்து எழுதிவிட்டால், மலாயிலிருந்து வந்த சொற்களை மட்டும் எடுத்துத் தருக என்று பின்னொருநாள் கேட்க முடியாது. புலங்களை வரைவது அகராதியியலாளரின் பணி. அதைப் பொறியாளர் தனியே செய்யும்போது பெரும்பாலும் 'தலைப்பு', 'உடற்பகுதி' என்னும் இரண்டு புலங்களோடு முடிந்துவிடும்.

அடுத்து, சட்டகம் உள்ளடக்கத்தை எப்போது கேட்பது என்னும் வினா. வழிகள் மூன்று. தளத்தைக் கட்டும் வேளையில் எல்லாச் சொற்களையும் ஒருமுறை பெற்று, பக்கங்களை ஆக்கி வைத்துவிடலாம். பயனருக்கு விரைவாகக் கிடைக்கும், ஆனால் ஒரு பிழையைத் திருத்தினாலும் மீண்டும் கட்ட வேண்டும். பயனர் கேட்கும் ஒவ்வொரு முறையும் சேவையகம் புதிதாகப் பெற்றுத் தரலாம். எப்போதும் புதியதாக இருக்கும், ஆனால் முகப்பற்ற அமைப்பு செயலிழந்தால் தளமும் செயலிழக்கும். மூன்றாவது வழி இடைப்பட்டது: ஆக்கி வைத்த பக்கத்தைக் கொடுப்பது, உள்ளடக்கம் மாறினால் அப்பக்கத்தை மட்டும் புதுப்பிப்பது. பதிப்பாசிரியர் 'வெளியிடு' என்பதை அழுத்தியவுடன் முகப்பற்ற அமைப்பு சட்டகத்துக்கு ஒரு செய்தி அனுப்பும். 'வெப்ஹூக்' எனப்படும் அச்செய்தியைப் பெற்ற சட்டகம், உரிய பக்கத்தை மீண்டும் ஆக்கும். நாளும் சில சொற்களே திருத்தப்படும் களஞ்சியத்துக்கு இதுவே பொருத்தம்.

இரண்டு நடைமுறைகளை இங்கே வலியுறுத்த வேண்டும். ஒன்று, முகப்பற்ற அமைப்பை அணுகும் மறைச்சாவி சேவையகத்திலேயே தங்க வேண்டும். உலாவிக்குச் செல்லும் நிரலில் அது கலந்துவிட்டால் வெளியார் யாரும் வரைவுகளைப் படிக்கக்கூடும். மற்றொன்று, முன்னோட்டம். பழைய முறையில் எழுதியவர் வெளியிடுமுன் பக்கத்தைப் பார்த்துக்கொள்வார். முகப்பைப் பிரித்தவுடன் அவ்வசதி தானாகக் கிடைப்பதில்லை. சட்டகத்தில் தனியே அமைக்க வேண்டும். செலவைக் குறைக்கும்போது முதலில் நீக்கப்படுவது பெரும்பாலும் இதுவே. மெய்ப்புப் பார்ப்பவர் வெறும் படிவத்தில் சொற்களைப் பார்த்தே ஒப்புதல் தர நேர்கிறது. அச்சகத்தில் மெய்ப்புத்தாள் இல்லாமல் நூல் அச்சிட ஒப்புவோமா? இதையும் ஒப்பலாகாது.

4. தமிழ் இடறும் இடங்கள்

இனி நம் துறைக்கு வருவோம். உள்ளடக்கம் ஓரிடமும் முகப்பு வேறிடமும் ஆகும்போது, சொல் பல கைகள் மாறிச் செல்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் தமிழ் இடறக்கூடிய இடங்கள் உள்ளன.

முதலாவது, ஒரே எழுத்துக்கு இரு வடிவுகள். ஒகர உயிர்மெய்க் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம்; எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் 'கொ' என்றே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு. 'கொடி' என்று தேடும் மாணவருக்கு, களஞ்சியத்தில் இருக்கும் 'கொடி' கிடைக்காமற்போகும். இதற்கு ஒருங்குறியே இயல்பாக்கம் என்னும் நெறியை வகுத்துள்ளது. சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை ஒரே இயல்பாக்க வடிவுக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீரும். ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் தட்டெழுதுவது இயல்பாக்கத்தால் தீராது. அதைப் பதிப்பாசிரியர் பார்வையில் படுமாறு எச்சரிக்கை அமைக்க வேண்டும்.

இரண்டாவது, பக்க முகவரி. ஒவ்வொரு சொல்லுக்கும் தனிப்பக்கம் இருப்பின் அதற்கு முகவரி வேண்டும். தலைச்சொல்லிலிருந்து முகவரியைத் தானாக ஆக்கும் வசதி சட்டகங்களில் உண்டு. உரோம எழுத்துகளை மட்டும் ஏற்கும் அமைப்பில் தமிழ்ச்சொல் முழுதும் நீங்கி வெற்றிடமே எஞ்சும். பிற எழுத்துகளையும் ஏற்கும் அமைப்பில் நிலைமை மேலும் நுட்பமானது. பைத்தான் மொழியின் வழக்கமான வடிவத்தேடல் விதி 'சொல்லெழுத்து' என்று கொள்வதில் தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் அடங்குவதில்லை. ஒருங்குறியில் அவை எழுத்துகளாக அன்றிச் சார்குறிகளாக வகைப்படுத்தப்பட்டிருப்பதே காரணம். அவ்விதியைக் கொண்டு வடிகட்டினால் 'தமிழ்' என்பது 'தமழ' ஆகும். 'மொழி', 'மழை' இரண்டும் 'மழ' ஆகிவிடும். 'வழி', 'விழா', 'வாழை' மூன்றும் 'வழ' என ஒரே முகவரிக்கு வரும். இரண்டாவதாக வரும் சொல்லை அமைப்பு ஏற்க மறுக்கும், அல்லது அதன் வாலில் ஓர் எண்ணை ஒட்டும். உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கருதும் தமிழிலக்கண மரபுக்கும், மெய்யையும் உயிர்க்குறியையும் வேறு வேறு இனமாக வைத்த கணினி வகைப்பாட்டுக்கும் உள்ள இடைவெளி இங்கே வெளிப்படுகிறது. சார்குறிகளையும் ஏற்குமாறு விதியை எழுதுவது ஒரு வரி வேலை. எழுத வேண்டும் என்பதை யாரேனும் சொல்ல வேண்டும்.

தமிழிலேயே முகவரி வைத்தாலும் ஒரு விலை உண்டு. ஒருங்குறியின் யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க்குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள். 'தமிழ்' என்பது நம் கணக்கில் 3 எழுத்து, கணினிக் கணக்கில் 5 குறிகள், சேமிப்பில் 15 பைட்டுகள். முகவரியை நகலெடுத்து மடலில் ஒட்டினால் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக விரிந்து 45 குறிகளாகும். ஆகவே நிலையான முகவரிக்கு எண்ணைப் பயன்படுத்தி, தமிழ்ச்சொல்லைப் படிப்போர்க்கு உதவியாக உடன் சேர்ப்பது நல்வழி. சொல்லின் எழுத்துக்கூட்டல் பின்னர் திருத்தப்பட்டாலும் இணைப்பு அறுபடாது.

மூன்றாவது, அகர வரிசை. ஒருங்குறியில் தமிழ்மெய்கள் அடுக்கப்பட்ட முறை நம் நெடுங்கணக்கு அன்று. பிற இந்திய எழுத்துகளோடு ஒத்துச்செல்லும் பொருட்டு ந-வை அடுத்து ன, ர-வை அடுத்து ற, ள-வை அடுத்து ழ வைக்கப்பட்டன. புள்ளி உயிர்க்குறிகளுக்குப் பின்னும், ஆய்தம் உயிரெழுத்துகளுக்கு முன்னும் உள்ளன. குறியெண் வரிசையில் அடுக்கினால் 'அகம்' முன்னும் 'அக்கா' பின்னும் வரும். 'அறம்' முன்னும் 'அழகு' பின்னும் வரும். 'நன்றி' முன்னும் 'நலம்' பின்னும் வரும். மூன்றும் நம் அகராதி மரபுக்கு மாறு. தமிழ் அகரவரிசை விதி ஒருங்குறிக் கூட்டமைப்பின் சிஎல்டிஆர் தொகுப்பில் உள்ளது. உலாவிகளும் அதைப் பின்பற்ற வல்லன. எனினும் முகப்பில் வரிசைப்படுத்தினால் போதாது. களஞ்சியம் பக்கம் பக்கமாக வரும்போது, முதற்பக்கத்தில் எந்த 50 சொற்கள் வரவேண்டும் என்பதைத் தரவுத்தளமே தீர்மானித்துவிடுகிறது. அங்கேயே பிழைபட்டதை முகப்பு திருத்த இயலாது. தரவுத்தளத்தில் தமிழ் வரிசை விதியை அமைக்க வேண்டும். முகப்பற்ற அமைப்பு அதற்கு இடந்தராவிடில், சேமிக்கும் வேளையிலேயே வரிசைச்சாவி ஒன்றைக் கணித்துத் தனிப்புலத்தில் வைக்க வேண்டும்.

நான்காவது, வேற்றுமை. வார்ப்புருவில் வெற்றிடம் விட்டுப் பெயரை இட்டு நிரப்புவது சட்டகங்களின் வழக்கம். ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் தனித்து நிற்பதால் இடர்ப்பாடு இல்லை. தமிழில் உருபு பெயரோடு புணரும். தமிழ் மொழி விழா நிகழ்ச்சிகளின் பட்டியலை எண்ணிப் பாருங்கள். இடத்தின் பெயர் ஒரு புலத்தில் இருக்கிறது. வார்ப்புரு அதன்பின் 'இல்' என்பதை ஒட்டுகிறது. 'தோ பாயோஇல்', 'பிடோக்இல்', 'நூலகம்இல்' என்று திரையில் தோன்றும். நாம் சொல்வதோ தோ பாயோவில், பிடோக்கில், நூலகத்தில். ஒன்றில் வகர உடம்படுமெய், ஒன்றில் இரட்டித்தல், ஒன்றில் மகரம் கெட்டு அத்துச் சாரியை. பன்மையும் அவ்வாறே: சொல் சொற்கள் ஆகும், பூ பூக்கள் ஆகும், மரம் மரங்கள் ஆகும், 'கள்' என்பதை வாளா ஒட்ட இயலாது.

இதற்குத் தீர்வு இரண்டு. எளியது, உருபு வேண்டாதபடி தொடரை மாற்றுவது: 'இடம்: தோ பாயோ'. சிறந்தது, வேற்றுமை ஏற்கும் அடியையும் உள்ளடக்க வடிவிலேயே ஒரு புலமாக வைப்பது. இடப்பெயர்கள் சில நூறு தாம். ஒருமுறை உள்ளிட்டால் எல்லா முகப்புகளுக்கும் பயன்படும். பொது அறிவிப்புகளில் தமிழ் உடைந்து தெரியும்போது நாம் மொழிபெயர்ப்பாளரை நோகிறோம். அவருக்கு முழுத்தொடரே காட்டப்பட்டிராது. தனித்தனித் துண்டுகளை மொழிபெயர்த்துத் தருமாறு கேட்டிருப்பர். வார்ப்புரு அவற்றை ஒட்டியிருக்கும்.

ஐந்தாவது, தேடல். பல முகப்பற்ற அமைப்புகள் தரும் எளிய தேடல், குறிகளின் வரிசை உள்ளதா என்று மட்டும் பார்க்கும். 'வீடு' என்று தேடினால் 'வீட்டில்' கிடைக்காது. 'மரம்' என்று தேடினால் 'மரத்தில்' கிடைக்காது. மாறாக, 'கல' என்று தட்டினால் 'கல்' என்பதும் வந்து நிற்கும். கணினிக்கு அது கல என்பதோடு ஒரு புள்ளி. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12ஆம் பதிப்பு முதல் தமிழ்ச்சொற்களின் ஈற்றைக் களையும் நிரல் உடன் வருகிறது. அது முழுமையான உருபனியல் பகுப்பாய்வு அன்று. ஆயினும் தொடக்கத்துக்குப் போதுமானது. பள்ளி மாணவர் பயன்படுத்தும் களஞ்சியத்தில் தேடல் பிழைப்பது சிறு குறையன்று. சொல் இல்லை என்று திரை சொன்னால், அச்சொல் தமிழிலேயே இல்லை என்று அக்குழந்தை முடிவு செய்துவிடும்.

6ஆவதாக உரைச்சுருக்கத்தையும் எண்வடிவையும் தொட்டுச் செல்வோம். முன்னுரையின் முதல் 100 குறிகளை மட்டும் காட்டுமாறு அமைத்தால், வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழுந்து 'பள்ளிகள்' என்பது 'பள்ளிகள' என நிற்கும். எழுத்தளவில் பிரிக்கும் வசதி இன்று கிடைக்கிறது. அதைக் கொள்ள வேண்டும். ஓர் இலட்சத்தை இந்தியத் தமிழில் 1,00,000 என்றும் சிங்கப்பூர், மலேசியத் தமிழில் 100,000 என்றும் எழுதுகிறோம். சிஎல்டிஆர் தொகுப்பில் நான்கு நாட்டுத் தமிழுக்கும் தனித்தனிப் பதிவுகள் உண்டு. வெறுமனே 'தமிழ்' என்று குறிக்காமல் 'சிங்கப்பூர்த் தமிழ்' என்று குறித்தால் நம் வழக்கு தானே அமையும்.

5. தமிழ் ஒரு பத்தி மட்டுமா?

இதுவரை சொன்னவை திருத்தக்கூடிய பிழைகள். இனிச் சொல்வது அவற்றினும் ஆழமானது.

நான்கு ஆட்சிமொழிகள் கொண்ட நாட்டில் பன்மொழித் தளங்கள் இயல்பு. முகப்பற்ற அமைப்பில் அவற்றை இருவகையில் வடிக்கலாம். ஒன்று, ஒரே பதிவு. அதன் ஒவ்வொரு புலத்துக்கும் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என நான்கு அறைகள். மற்றொன்று, ஒவ்வொரு மொழிக்கும் தனிப்பதிவு; தொடர்புடைய பதிவுகள் ஒன்றையொன்று சுட்டும். செய்தியறிவிப்புக்கு முதல்வகை வசதியானது. ஆனால் அதில் ஆங்கில அறை நிரம்பிய பின்னரே தமிழ் அறை திறக்கும்படி பெரும்பாலும் அமைப்பர். ஆங்கில மூலம் இல்லாத தமிழ்ப்பதிவு அங்கே பிறக்கவே இயலாது. திணை, உடம்படுமெய், முறைப்பெண் ஆகிய சொற்களுக்கு ஆங்கில மூலம் எங்கே? சொற்களஞ்சியம் முதல்வகையில் வடிக்கப்பட்டால், ஆங்கிலத்தில் உள்ளவற்றுக்குத் தமிழ் என்னும் தொகுப்பாக மட்டுமே அது வளரும். தமிழில் பிறந்த கருத்துகள் அதற்குள் நுழைய வாயில் இராது.

இதனோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது மாற்றுமொழி விதி. தமிழ் அறை வெறுமையாக இருந்தால் ஆங்கிலத்தைக் காட்டுக என்று அமைப்பது வழக்கம். பல அமைப்புகள் இவ்வசதியைத் தருகின்றன. பயனருக்கு வெற்றுப்பக்கம் காட்டாமல் இருப்பது நல்லெண்ணமே. ஆனால் விளைவு என்ன? தமிழ்ப்பக்கத்தைத் திறந்தவர் ஆங்கிலத்தைப் படித்துவிட்டுப் போவார். எவரும் முறையிடார். தமிழ் எழுதப்படவே இல்லை என்பது எவர் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். தளம் தமிழிலும் இயங்குகிறது என்று அறிக்கை சொல்லும். ஒரு மொழியின் இல்லாமையைக்கூட மறைத்துவிடும் விதியை நாம் ஏற்கலாகாது. 'இப்பகுதி இன்னும் தமிழில் இல்லை' என்று பக்கம் வெளிப்படையாகச் சொல்லட்டும். பயனர் விரும்பினால் ஆங்கிலத்துக்குச் செல்லட்டும். வெறுமையான தமிழ் அறைகளின் பட்டியல் வாரந்தோறும் பதிப்பாசிரியர் மேசைக்கு வரட்டும். ஆங்கிலம் காட்டப்படும் இடத்தில் அது ஆங்கிலம் என்றே நிரலிலும் குறிக்கப்பட வேண்டும். இல்லையேல் பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் ஆங்கிலத்தைத் தமிழ்க்குரலில் வாசிக்க முற்படும்.

6. கழகங்கள் செய்யத்தக்கவை

எல்லாத் தளங்களுக்கும் இம்முறை வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. ஆண்டுக்குச் சில அறிவிப்புகளை மட்டும் வெளியிடும் சங்கத்துக்கு வேர்ட்பிரஸ் போன்ற பழைய முறையே போதும். முகப்பற்ற முறையில் இரண்டு மென்பொருள்களைப் பேண வேண்டும். சட்டகத்தை அறிந்த நிரலாளர் தொடர்ந்து வேண்டும். அவர் விலகிவிட்டால் முகப்பு பழுதாகி நிற்கும். உள்ளடக்கம் நெடுங்காலம் வாழ வேண்டியதாகவும், பல முகப்புகளில் வழங்க வேண்டியதாகவும் இருந்தால் மட்டுமே இச்செலவு தகும். சொற்களஞ்சியம், பாடநூல் ஆவணம், எழுத்தாளர் விவரத்திரட்டு ஆகியவை அத்தகையன.

அத்தகைய பணியை ஒப்படைக்கும்போது ஒப்பந்தத்திலேயே எழுதத்தக்கவை சில. உள்ளடக்க வடிவத்தை வரையும் குழுவில் தமிழறிஞர் ஒருவர் இருத்தல் வேண்டும். சேமிக்கும் உரை அனைத்தும் இயல்பாக்கப்பட்ட ஒருங்குறியாக இருத்தல் வேண்டும். சொற்செயலியிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது எழுத்துருப் பெயரும் நிறமும் உடன்வந்து ஒட்டாதபடி வடிகட்டுதல் வேண்டும். தோற்றம் மீண்டும் சொல்லோடு கட்டப்படும் வாயில் அது. முன்னோட்டம் விலக்கப்படலாகாது. தேர்வுக்கென ஒரு சொற்பட்டியலை நாமே தர வேண்டும்: அகம், அக்கா, அறம், அழகு, மொழி, மழை, கொடி, தோ பாயோ, பிடோக், நூலகம். வரிசை, முகவரி, தேடல், வேற்றுமை நான்கும் அப்பட்டியலில் தேறிய பின்னரே பணியை ஏற்க வேண்டும். இச்சோதனைக்கு ஒரு பிற்பகல் போதும். நிரல் அறிந்திருக்கத் தேவையில்லை.

முடிவாக, முழு உள்ளடக்கத்தையும் பொதுவடிவக் கோப்பாக எப்போது வேண்டுமாயினும் வெளியே எடுக்கும் உரிமை கழகத்திடம் இருத்தல் வேண்டும். அவ்வாறு எடுத்த படி ஒன்றை ஆண்டுதோறும் வேறிடத்தில் வைத்தல் வேண்டும். இன்று நாம் பெயர் சொன்ன நிறுவனங்களும் மென்பொருள்களும் முப்பது ஆண்டுக்குப்பின் இருக்குமென யாரும் உறுதி கூறார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதை அச்சிட்ட ஈய எழுத்துகளின் காலம் கடந்துவிட்டது. சொற்களோ சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் தேடக் கிடைக்கின்றன. தலைச்சொல், பொருள், மேற்கோள் எனப் பதிவுகள் ஒழுங்குற வகுக்கப்பட்டிருந்தமையே ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவுக்கு அவை மாறத் துணைபுரிந்தது. அக்காலத் தொகுப்பாளர் கணினியை அறியார். சொல்லை ஒழுங்காகப் பகுத்து வைக்க அறிந்திருந்தனர்.

அந்த ஒழுங்கு நம் கையில் உள்ளது. அதைத் தளம் கட்டுவோரிடம் கொண்டு சேர்ப்பதே இப்போது செய்ய வேண்டிய பணி. அடுத்த முறை உங்கள் பள்ளியோ சங்கமோ ஒரு தமிழ்த்தளம் கட்ட முனையும்போது, அக்கூட்டத்தில் நீங்களும் ஓர் இருக்கை கேட்டுப் பெறுங்கள்; அந்தச் சிறு சொற்பட்டியலைக் கையோடு கொண்டு செல்லுங்கள்.